கவுளி சொன்ன பக்கம்

என் மாமனாருக்குக் கவுளி ஐந்து வருடமாக எதற்குமே சரி சொன்னதில்லை. கிழக்குத் தோட்டத்தை வாங்கலாமா என்று கேட்டார், கூடாது என்றது. காங்கேயம் காளை ஒரு ஜோடி விலைக்கு வந்தபோது கேட்டார், அதற்கும் கூடாது. சுவரில் ஒட்டிக்கொண்டு பூச்சி பிடித்துத் தின்கிற பல்லிக்கு எங்கள் குடும்பத்தின்மேல் அப்படி என்ன வன்மம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. நல்லவேளையாக எங்கள் கல்யாணத்துக்குக் கவுளி கேட்டது என் அப்பா. மாமனார் கேட்டிருந்தால் நான் இந்த வீட்டுக்கே வந்திருக்க மாட்டேன்.

புதுச்சத்திரத்துக்கு மேற்கே ஒரு கரடு. அதன் உச்சியில் முனியப்பன் கோயில். பெரிய காரியம் எதுவானாலும் எங்கள் பக்கத்துக் குடியானவர்கள் அங்கே போய்ச் சாமிக்கு எதிரே உட்கார்ந்து காத்திருப்பார்கள். வலப்பக்கத்திலிருந்து கவுளி சத்தமிட்டால் செய்யலாம். இடப்பக்கமென்றால் விட்டுவிட வேண்டும். சத்தமே இல்லாவிட்டால் மறுநாளும் வந்து உட்கார வேண்டியதுதான்.

எங்களுக்கு மறுநாள் என்று ஒன்று இல்லை.

என் புருஷன் சென்னையில் பௌதிகம் படித்து முதல் வகுப்பில் தேறியவர். அவர் பெயரை நான் சொல்லும் வழக்கமில்லை. மாமனார் சென்னியப்பா என்று கூப்பிடுவார். பல்கலைக்கழகத்தில் வருடத்துக்கு மூன்று பேருக்கு மட்டும் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுப்பார்கள். சேலத்து வெள்ளைக்கல்லை எப்படிச் சுட்டால் இரும்பு உருக்கும் உலைக்குத் தாங்குகிற செங்கல் ஆகும் என்று கண்டுபிடிக்கப் போவதாக இவர் விண்ணப்பம் போட்டார். யுத்த காலம், செங்கல்லுக்குக் கிராக்கி. நேர்முகத்தில் ஐந்து பேராசிரியர்கள் அவரை வறுத்தெடுத்தார்களாம். ஆனாலும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

பாக்கி இருந்தது பிணைப்பத்திரம் மட்டும். இரண்டு வருடம் முடிக்காமல் நடுவில் ஓடிப்போனால் தொகையைத் திருப்பித் தருகிறேன் என்று நிலம் உள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அது நாளை மாலைக்குள் சென்னை அலுவலகத்தில் இருக்க வேண்டும். தவறினால் அந்த இடம் காத்திருக்கிற அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த வருடம் மறுபடி கேட்கலாம் என்றால் இவருக்கு வயது வரம்பு தாண்டிவிடும். எங்கள் ஊர் மணியகாரர் சாட்சிக் கையெழுத்தைக் காலையிலேயே போட்டுக் கொடுத்துவிட்டார். போடாத கையெழுத்துக்குச் சாட்சி சொல்ல அவரைவிட்டால் ஆள் கிடையாது.

மாமனார் மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். "முனியப்பன் என்ன சொல்றானோ அதும்படி செய்யலாஞ் சாமி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரட்டில் ஏறிவிட்டார்.

உச்சி வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தோம். மாமனார் நடுவில். அவருக்கு இடப்பக்கம் நான், வலப்பக்கம் இவர். நாங்கள் பேசுவதெல்லாம் இடது காதில்தான். ஐந்து வருடத்துக்கு முன்னால் கிணற்றுப் பாறைக்கு வேட்டு வைத்தபோது அவருடைய வலது காது அடியோடு போய்விட்டது. கீழே ரஸ்தா வெறிச்சென்று கிடந்தது. பெட்ரோல் கிடைக்காததால் கரியடுப்புப் பூட்டி ஓட்டுகிற நாமக்கல்–சேலம் கரி பஸ் எந்த நேரமும் வரலாம். அதைப் பிடித்தால்தான் சேலத்தில் ராத்திரி ரயில். இவர் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ரஸ்தாவைப் பார்ப்பதும் கோயில் சுவரைப் பார்ப்பதுமாக இருந்தார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஐந்து பேராசிரியர்கள் சரி சொன்ன மனிதர் ஆறாவதாக ஒரு பல்லியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெற்கே புகை தெரிந்தது. பஸ்தான்.

அந்த நேரம் பார்த்துக் கவுளி சத்தமிட்டது. நாக்கைத் தட்டினாற்போல் மூன்று தடவை, வலப்பக்கத்துத் தூணிலிருந்து. தூணின் மேல் அது வாலை ஆட்டுவதைக்கூட நான் பார்த்தேன். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாமனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஒரட்டாங்கைப் பக்கம். போதும், ஊட்டுக்குப் போலாம்" என்றார். இடப்பக்கமாம்.

"இல்லீங்க மாமா, சோத்தாங்கைப் பக்கமுங்க. நான் கண்ணாலயே பாத்தனுங்க."

"நீ சின்னப் புள்ள, ஆசையில சொல்ற. என்ற காது எனக்குப் பொய் சொல்லுமா?"

அப்போது இவர் முகம் மாறியது. நான் அந்த முகத்தை அதற்குமுன் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், நெடுநாளாகப் பிடிபடாத கணக்கு ஒன்று திடீரென்று விழுந்தபோது. அப்பாவின் முன்னால் போய் நின்றார்.

"அப்பா, ஒரு நிமிசம் கண்ண மூடுங்க. நான் ரெண்டு பக்கமும் கல்லைத் தட்டறேன். எந்தப் பக்கம்னு சொல்லுங்க. ஒத்தக் காதுல கேக்கறவங்களுக்குப் பக்கம் தெரியாதுங்க, எங்க தட்டினாலும்..."

பாதியில் நிறுத்திவிட்டார். கையில் எடுத்த இரண்டு கற்களும் அப்படியே இருந்தன. முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்க தட்டினாலும் என்ன?" என்று மாமனார் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. நீங்க சொன்னாப்பல ஒரட்டாங்கைப் பக்கந்தான். போலாங்க." கற்களைப் படியில் வைத்துவிட்டுப் பத்திரத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் திணித்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். "ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பஸ்ஸு வந்துட்டிருக்குது. நாலு தட்டுத் தட்டிக் காட்டுனா முடிஞ்சுது."

"முடியாது கந்தம்மா." குரல் அவருடையது போலவே இல்லை. "எங்கம்மாளுக்கு வயித்துல கட்டி வந்துது. சேலத்து டாக்டர் அறுத்தா பொழைச்சுக்குவாங்கன்னு சொன்னாரு. அப்பா இங்க கூட்டியாந்துதான் கேட்டாரு. ஒரட்டாங்கைப் பக்கம்னு திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டாரு. நான் அப்பத் திருச்சியில பரிட்ச எழுதிட்டிருந்தேன்."

"அது எப்போ?"

"காது போனதுக்கு அடுத்த வருசம்."

கிழக்குத் தோட்டமும் காளையும் போனால் போகட்டும். நான் முகம்கூடப் பார்த்திராத மாமியாருக்காக அந்த வேப்பமரத்தடியில் எனக்கு அழுகை வந்தது.

"இதை நிரூபிச்சு நான் மெட்ராசுக்குப் போயிருவேன். அவரு இங்க தனியா எதை நெனச்சுட்டு உக்காந்திருப்பாரு?" என்றார் இவர். "வேண்டாம். பள்ளிக்கூடத்துல வாத்தியார் வேல கெடைக்கும்."

பஸ் தெற்கு வளைவு தாண்டிவிட்டது. ரஸ்தாவோரத்துப் புளியமரத்தடியில் நின்றது. அடுப்பைக் கிளறிக் கரி போடுவதற்கு எப்போதும் அங்கேதான் நிறுத்துவார்கள்.

"கந்தம்மா, இங்க வா." மாமனார் படியில் உட்கார்ந்திருந்தார். காது ஒன்றுதான் போயிருந்தது; கண் இரண்டும் நன்றாகத் தெரியும். நாங்கள் இருந்த இருப்பை அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "அவன் பாதியில உட்டதை நீ செய்யி. கல்லை எடு."

துண்டால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டார். நான் கற்களை எடுத்தேன். இவர் மரத்தடியிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டார். இடப்பக்கம் போய் நில், இடப்பக்கம் நில் என்று வாயசைத்தார். எதற்கென்று புரிந்தது. இடப்பக்கம் தட்டினால் இடப்பக்கம் என்பார். காது சரி, கவுளி சரி, எல்லாம் சரியாகிவிடும். இவருடைய உதவித்தொகை மட்டும் போகும்.

நான் இடப்பக்கம் நின்று தட்டினேன்.

"ஒரட்டாங்கை" என்றார் மாமனார். பிறகு, "இப்பப் பக்கம் மாறி நின்னு தட்டு அம்மிணி" என்றார்.

இரண்டு எட்டு வைத்தால் போதும். வலப்பக்கம் தட்டினாலும் இடப்பக்கம் என்றுதான் சொல்வார், இவருக்கு எல்லாம் கிடைத்துவிடும். என் கால் நகரவில்லை. கட்டியிருந்த துண்டுக்குக் கீழே அந்தக் கிழவரின் தாடை நடுங்கியதைப் பார்த்தபிறகு எப்படி நகரும்? நின்ற இடத்திலேயே மறுபடி தட்டினேன்.

"இதும் ஒரட்டாங்கையாத்தான் கேக்குது" என்று சொல்லிக்கொண்டே துண்டை அவிழ்த்தார். நான் நின்ற இடத்தைப் பார்த்தார்.

"மாறச் சொன்னேனே அம்மிணி."

கல்லைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். மாமனார் என்னைப் பார்த்தார். மரத்தடியில் தலைகுனிந்து நின்ற மகனைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி, வலப்பக்கத்துத் தூணை வெகுநேரம் பார்த்தார். மறைக்கப் பார்த்ததே எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"பேனாவக் குடு சாமி" என்றார்.

"அப்பா, வேண்டாங்க."

"குடுன்னா குடு."

மடியில் பத்திரத்தை விரித்து, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். ஊதிக் காயவைத்துக் கொடுத்தார். "ஓடு. கரி போட்டு முடிச்சுட்டான் பாரு."

இவர் நகராமல் நின்றார். "நான் கூட இருக்கறனுங்க அப்பா. இன்னிக்கு ஒரு நாளாச்சும்."

"மனசுல எதையும் போட்டுட்டு நிக்காத. போன்னு சொல்றேன்."

இவர் கரட்டிலிருந்து இறங்கி ஓடினார். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுவிட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் நகர்ந்து, பிறகு நின்று, அவரை ஏற்றிக்கொண்டது. புகை சேலம் பக்கம் போய் மறையும்வரை நானும் மாமனாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு நிம்மதியாக இருந்தது, அப்படி இருப்பதற்கு வெட்கமாகவும் இருந்தது.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றி, அவருடைய இடது பக்கம் போய் உட்கார்ந்தேன். "காது பக்கத்தை மாத்திச் சொல்லுதுன்னு உங்களுக்கு எப்படீங்க மாமா தெரியும்? யாருக்குமே தெரியலையே" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"அவளுக்குத் தெரிஞ்சுது அம்மிணி. அன்னிக்கு இந்தப் படியிலதான் படுத்திருந்தா. சோத்தாங்கைப் பக்கமுங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு என்ற கையப் புடிச்சுட்டுச் சொன்னா. வலியில ஒளர்றான்னு நெனச்சு, வாய மூடச் சொல்லிட்டேன்."