மாறிக் கிடந்த இரண்டு நெக்குகள்

கொடைக்கானல் பஜாரில் கிடார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஆஃப்ராவிடம், தமிழ்மதி ஒரு பழைய எலெக்ட்ரிக் கிடாரைக் கொண்டுவந்தாள். போன வருஷம் இறந்துபோன அவள் கணவர் சுவாமிநாதன் வாசித்தது. தன் நாட்டுக்குத் திரும்பிய அமெரிக்க ஆசிரியர் ஒருவரிடம் எண்பதுகளில் வாங்கியது, எதுவும் மாறாத அசல் என்று சொல்லிக்கொண்டிருப்பார். அதை விற்கலாமென்று பெங்களூர் வியாபாரி ஒருவருக்குப் படம் அனுப்பினாள். அவர் இது இரண்டு கிடாரைச் சேர்த்து ஒட்டுப்போட்டது, ஏமாற்று வேலை என்று சொல்லிவிட்டார்.

"விக்காட்டியும் பரவாயில்ல. எங்க வீட்டுக்காரவுக தெரிஞ்சே பொய் சொன்னாகளான்னு எனக்குத் தெரியணும்."

ஆஃப்ரா நான்கு திருகாணிகளையும் கழற்றி, கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்தான நெக்கைப் பிரித்தாள். அதன் தலை சிறியது. விரல் பலகையில் களிமண் நிறப் புள்ளிகள். அடியில் பென்சிலால் 1964 என்றிருந்தது. பிற்பாடு வந்த கிடார்களில் தலை பெரிது, புள்ளிகளும் சிப்பிபோல் மினுங்கும். ஆனால் கிடாரின் உடம்பான பாடிக்குள் இருந்த வால்யூம் திருகியின் முத்திரை 1971. வியாபாரி கண்டுபிடித்தது சரிதான்.

இதற்கு நேர்மாறான கிடார் ஒன்றும் அவள் கைக்கு வந்திருக்கிறது. பழைய பாடி, பெரிய தலை, மினுங்கும் புள்ளிகள். டீத்தூள் கடை இப்ராம்சாவுடையது. அவருக்குப் போன் போட்டாள்.

சுவாமிநாதனோடு கல்யாணக் கச்சேரிகளில் வாசித்த இப்ராம்சா, கிடாரைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். 1987-இல் தாண்டிக்குடி போன ஜீப்பின் கதவில் சுவாமிநாதனின் விரல் நசுங்கியதாம். அதற்குப் பிறகு தடித்த நெக்கை அவரால் பிடிக்க முடியவில்லை. தன்னுடைய நெக் மெலிசு என்று இப்ராம்சா இரண்டையும் மாற்றிப் போட்டுக் கொடுத்தாராம்.

"விரல் நசுங்குனது எனக்குத் தெரியும்ண்ணே. வாசிக்க முடியலன்னு அவுக சொல்லவே இல்லையே," என்றாள் தமிழ்மதி.

"நீ வெசனப்படுவேன்னு சொல்ல வேணாம்ட்டான்மா."

அண்ணனுடைய நெக்கை அண்ணன் கிடாரிலேயே மாட்டிக் கொடுத்துவிடு என்று தமிழ்மதி ஆஃப்ராவிடம் சொன்னாள். இருக்கட்டும் என்று இப்ராம்சா எவ்வளவோ தடுத்துப் பார்த்தார். இத்தனை வருஷம் அண்ணன் கைக்கு ஒவ்வாததை வைத்து வாசித்தது போதும் என்று சொல்லி அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

அரை மணி நேரத்தில் மாற்றி முடிந்தது. இப்ராம்சா தன் பழைய நெக்கில் மெதுவாக விரலை ஓட்டிப் பார்த்தார்.

புதுப் படங்களைப் பார்த்த பெங்களூர்க்காரர் உடனே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அந்த விரல் கதையை முழுசாகக் கேட்க வைத்த பிறகுதான் தமிழ்மதி அவருக்கு வீட்டு முகவரியைக் கொடுத்தாள்.