பல் டாக்டரின் சுவருக்குள் இருந்த கூடு

1

காலை ஆறு மணிக்கு எழுகிறான். ஒரு டம்ளர் அளவுக்குப் பால் காய்ச்சுகிறான். மொட்டை மாடிக்குப் போய் நான்கு தேனீப் பெட்டிகளின் வாசலையும் பார்க்கிறான். கூழாங்கல் போட்ட தட்டுகளில் தண்ணீர் மாற்றுகிறான், குடிக்க வரும் தேனீ மூழ்காமல் உட்கார அந்தக் கல். இறங்கி வந்து பாலைக் குடிக்கிறான். அது ஆறியிருக்கும். எட்டேகாலுக்கு வேலைக்குக் கிளம்புகிறான்.

இப்படித்தான் தொடங்க முடிந்தது. 'நான்' என்று போட்டுப் பார்த்தேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டது. 'அவன்' என்றால் கை ஓடுகிறது. ஆகவே அவன்.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதை எழுதச் சொன்னவர் பூச்சிமருந்து அடிக்கிற ஒருவர். துக்கம் கேட்க வந்து, திரும்பச் செருப்பை மாட்டும்போது சொன்னார்: "தம்பி, நீ காலேஜ் படிச்சவன். அந்தப் பொண்ணு செஞ்சதை எழுதி வை. நான் சொன்னா கதை விடறான்னுவாங்க."

2

முதலில் எழுதிய வரி: 'அவளுக்குத் தேனீக்களின் மொழி தெரியும்.'

அடித்துவிட்டேன். தெரியாது. அவளுக்குத் தெரிந்தது சுவர்.

பழைய கட்டடங்களின் சுவருக்குள் கூடு வைக்கும் தேனீக்களை உயிரோடு வெளியே எடுத்து, பெட்டியில் குடிவைப்பது அவள் தொழில். தம் குஞ்சுப் புழுக்கள் வளரும் இடத்தைத் தேனீக்கள் ஏறக்குறைய நம் உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும். அந்தச் சூடு பூச்சைத் தாண்டி வெளியே கசியும். அவள் உள்ளங்கையைச் சுவரில் வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போவாள், ஜுரம் பார்க்கிற

(இந்த உவமையை முடிக்கப் போவதில்லை. கையை வைத்தாள், அவ்வளவுதான்.)

ஓரிடத்தில் நிற்பாள். பென்சிலால் ஒரு கட்டம் போடுவாள். அந்தக் கட்டத்துக்குள் மட்டும் வெட்டுவாள். மூன்று வருடத்தில் முப்பத்தெட்டுக் கட்டடங்கள். கட்டம் தப்பியது ஒரே ஒரு தடவை. அன்று உள்ளே வெந்நீர்க் குழாய் போயிருந்தது.

தம்பட்டம் அடிக்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். அடிக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

3

ஒரு தெரு. அதில் பதினொரு பழைய கட்டடங்கள், எல்லாம் ஒரே முதலாளிக்குச் சொந்தம். முதல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பல் டாக்டர். நோயாளிகள் காத்திருக்கும் அறையின் ஜன்னலோரச் சுவர் நாள் முழுக்க முனகிக்கொண்டிருந்தது. உள்ளே போகாமலே பாதிப் பேருக்குப் பல்லில் மெஷின் ஓடுவதுபோல் இருந்ததாம். டாக்டர் அவளைக் கூப்பிட்டார். அதே காலையில் முதலாளி பூச்சிமருந்துக்காரரை அனுப்பிவைத்தார். இருவரும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றார்கள்.

டாக்டர் பஞ்சாயத்து செய்தார். நாலு மணிக்கு நோயாளிகள் வருவார்கள். அதுவரை அவளுக்கு. அதன்பிறகும் தேனீ அறைக்குள் இருந்தால் மருந்து. முதலாளி போனில் ஒன்றைச் சேர்த்தார்: இன்றைக்கு எவர் வேலை உருப்படியாக முடிகிறதோ, மற்ற பத்துக் கட்டடங்களும் அவருக்கே.

ஆக, அவள் கையில் இருந்தது ஒரு கூடு இல்லை. ஒரு தெரு.

மருந்துக்காரர் டப்பாவைக் காலடியில் வைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

"என்கிட்ட விட்டா பத்து நிமிஷம்மா."

"அதான் பயமா இருக்குண்ணே. போய் டீ குடிச்சிட்டு வாங்க. ரெண்டு டீயா குடிங்க."

'அவன்', அவள் புருஷன், லீவு போட்டுக் கூட வந்திருந்தான். அவன் வேலை புகை போடுவது. புகை பட்டால் தேனீ சாந்தமாகும். புகை அதிகமானால் ராணித் தேனீ மிரண்டு கூட்டை விட்டு ஓடும். அவன் அதிகமாகப் போட்டுவிட்டான். 'கொசுவா விரட்டற?' என்று ஒரு வார்த்தை கேட்டாள். அதோடு விட்டுவிட்டாள்.

மரச் சட்டங்களின்மேல் பூசிய சுவர் அது. பூச்சை எடுத்தாள். உள்ளே ஏழு தேனடைகள், நெருக்கி அடுக்கிய புத்தகங்கள்போல. ஒவ்வொன்றாக ரொட்டிக் கத்தியால் அறுத்து, பெட்டியின் சட்டத்துக்குள் வைத்து, ரப்பர் பேண்டு போட்டாள். மேல்பக்கம் மேலேயே இருக்க வேண்டும். கூட்டின் அறைகள் லேசாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், தலைகீழாக வைத்தால் தேன் வழிந்துவிடும். அதனால் சட்டங்கள் எல்லாவற்றிலும் பென்சிலால் ஒரு அம்புக்குறி. அவள் விரல்கள் அவசரப்பட்டு அவன் பார்த்ததில்லை.

இரண்டு மணிக்கு எல்லாம் பெட்டிக்குள்.

4

இனி ஒன்றுதான் நடக்க வேண்டும். ராணி உள்ளே இருந்தால், பெட்டி வாசலில் தேனீக்கள் வரிசையாக நின்று பின்பக்கத்தைத் தூக்கிச் சிறகடிக்கும். வெளியே சுற்றுகிறவற்றுக்கு அது அழைப்பு.

ஒன்றுகூடத் தூக்கவில்லை. பெட்டிக்குள் போனவை வெளியே வந்தன. வெட்டிய பொந்துக்கே திரும்பின.

அடைகளை மறுபடி எடுத்துப் பார்த்தாள். உடைந்த அடைத் துண்டுகள் போட்ட வாளியைப் பார்த்தாள். பொந்துக்குள் டார்ச் அடித்தாள். தரையில் விரித்த துணியை உதறினாள். அவன் நாற்காலிகளுக்குக் கீழே தவழ்ந்தான். மணி மூன்று இருபது.

அவள் தரையில் உட்கார்ந்தாள். வேலை நடுவே அவள் உட்கார்ந்து அவன் பார்த்தது அன்றுதான்.

"ராணி இல்லன்னா இது வெறும் பூச்சிதான்," என்றாள். "அந்தண்ணன் வந்தது சரிதான்."

5

இந்த இடத்தில் நான் ஏமாற்றியிருக்கிறேன். முதல் பிரதியில் ராணியை அவன் கண்டுபிடித்தான். பொந்தின் மூலையில் ஒரு விரிசல், அதற்குள் அவன் விரல், அவள் கண்ணில் நன்றி. ஒன்றரைப் பக்கம். நன்றாகவே வந்திருந்தது. அவளைப் பற்றிய கதையில் அவன் ஜெயிக்க எதற்கு ஆசைப்பட்டான் என்று

(போதும்.)

நடந்தது இது. மூன்றரைக்கு மருந்துக்காரர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை நீட்டினார். நேரமாச்சு என்று சொல்லத்தான் வந்தார்.

"ஏம்மா," என்றார், "உன் முதுகுல எலுமிச்சம்பழம் அளவுக்கு மொய்க்குதே, அதுவும் உன் ஆளுங்கதானா?"

தேனீ எடுப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்: ராணி காணாமல் போனால் முதலில் உன் சட்டையைப் பார். தெரிந்தவர்கள்தான் மறப்பார்கள், அவர்கள் கண் கூட்டை விட்டு நகராது. புகைக்கு மிரண்ட ராணி அவள் காலர் மடிப்பில் ஏறியிருந்தது. ஒன்றரை மணி நேரமாக அதைச் சுமந்துகொண்டே அவள் அதைத் தேடியிருக்கிறாள்.

அவள் அசையவில்லை. அவன் ஒரு காலித் தீப்பெட்டியைத் திறந்து பிடித்தான். மருந்துக்காரர் உள்ளே வந்து, வெறுங்கையால் காலரைப் பிரித்துக் காட்டினார். மூன்று இடத்தில் கொட்டு வாங்கினார். ராணி தீப்பெட்டிக்குள் போகும்வரை கையை எடுக்கவில்லை.

தீப்பெட்டியைப் பெட்டி வாசலில் அவள்தான் திறந்தாள். ராணி உள்ளே நடந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, வாசலில் ஒன்று பின்பக்கத்தைத் தூக்கியது. பிறகு பத்து. பிறகு வரிசை முழுக்க. அறையில் சுற்றியவை கயிறு திரித்ததுபோல உள்ளே இறங்கத் தொடங்கின.

மருந்துக்காரர் குத்துக்காலிட்டுப் பார்த்தார்.

"எல்லாம் தூக்கிட்டு நிக்குது பாரு, வெக்கமே இல்லாம."

அவள் சிரித்ததை வர்ணிக்க நாலு வாக்கியம் எழுதினேன். நாலும் பொய். சிரித்தாள்.

நாலு மணிக்கு இன்னும் நூறு இருநூறு வெளியே இருந்தன. டாக்டர் மருந்துக்காரரைப் பார்த்தார். அவர் வீங்கிய கையால் டப்பாவைத் தூக்கினார். "இந்த ரகத்துக்கு என் மருந்து கேக்காதுங்க," என்று சொல்லி வண்டியில் கொண்டுபோய் வைத்தார். டாக்டர் நோயாளிகளை அரை மணி நேரம் வெளியே நிறுத்தினார்.

தெரு அவளுக்கு வந்தது. மற்ற பத்தில் ஆறு சுவர்களில் கூடு இருந்தது. அவற்றுக்கு ஏணி பிடித்தவர் மருந்துக்காரர்.

6

நீங்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். தேனீக்கள் பின்பக்கத்தைத் தூக்கி நிற்கின்றன, அவள் சிரிக்கிறாள். அது நடந்ததுதான், யாரும் குறை சொல்ல முடியாது. மீதியைப் படித்தே ஆக வேண்டும் என்று இல்லை.

படிப்பவர்களுக்கு: ஐந்து மாதம் கழித்து, அந்தத் தெருவின் கடைசிக் கட்டடத்தில், தலைக்குள் ஒரு ரத்தக் குழாய் வெடித்து இறந்தாள். தேனீக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.

இரண்டாவதாகக் கேட்பது, கடைசியாக என்ன சொன்னாள் என்று. அதற்கு நான் மூன்று பதில்கள் தயாரித்தேன். ஒன்றில், பெட்டிகளை அவன் பொறுப்பில் விட்டாள். ஒன்றில், அவனைப் பேர் சொல்லி அழைத்தாள். ஒன்றில் எதுவுமே சொல்லவில்லை, சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் கதைக்குப் பொருந்தும்.

அன்று அவனுக்கு ஜுரம், வீட்டில் இருந்தான். மத்தியானம் போன் வந்தது. அவள் பேசினாள். அவன் "சரி" என்றான். அவள் போனைச் சட்டைப்பைக்குள் போட்டு, பெட்டியைத் தூக்கக் குனிந்தாள் என்கிறார் மருந்துக்காரர். அதன்பிறகு ஒரு வார்த்தையும் இல்லை. ஆகவே கடைசியாகச் சொன்னது போனில் சொன்னதுதான். மூச்சு வாங்கிக்கொண்டு, சுவருக்கும் கேட்கிற சத்தத்தில்:

"தெருவே முடிஞ்சுது. இந்தச் செவுரு புஸ்தக அட்டை மாதிரி கழண்டு வந்துச்சு தெரியுமா, ஒரு கீறல் இல்ல. நீ பாத்திருக்கணும்."