ஆற்றங்கரை வீடு விற்பனைக்கு, வழக்கம்போல

கூட்டத்துக்கு வந்திருந்தோர், அமர்ந்திருந்த வரிசைப்படி: வராந்தாவின் நடுவில், கை வைத்த பிரம்பு நாற்காலியில் பெரியண்ணன். அவருக்கு வலப்பக்கம் சோபாவில் அக்கா. அதே சோபாவில், அக்கா மிச்சம் வைத்த இடத்தில் அத்தான். ஆற்றைப் பார்த்த படியில், முழங்கால்வரை நனைந்த கால்சட்டையோடு சின்னண்ணன். எழுதுமேஜையை ஒட்டி முக்காலியில் கடைக்குட்டி.

இப்படிக் குறித்துவைப்பது பெரியண்ணனின் பழக்கம். ரயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எந்த வண்டி எந்த நடைமேடையில் என்று எழுதியே பழகிய கை, யார் எந்த இருக்கையில் என்று எழுதாமல் ஓயாது. அக்கா பல் டாக்டர். அத்தானின் பற்களைத் தவிர ஊரார் பற்களையெல்லாம் கவனிப்பவள். சின்னண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தான். கடைக்குட்டிக்கு ஐம்பது தாண்டியும் அந்தப் பெயர் போகவில்லை. கோட்டை நகரத்து அருங்காட்சியகத்தில் நுழைவுச்சீட்டு கொடுக்கும் வேலை அவளுக்கு. பெற்றோர் விட்டுப்போன இந்த வீட்டில் குடியிருந்தவள் அவள் ஒருத்திதான்.

வீடு ஒன்பது வருடமாக விற்பனையில் இருந்தது. "கோட்டை நகரிலிருந்து படகில் அரைமணி. ஆற்றைத் தொட்ட தோட்டம், சொந்தப் படகுத்துறை, பதினொரு அறைகள்" என்று வருடத்துக்கொரு முறை விளம்பரம் வரும். வாங்குபவர் யாராவது வருவார். அவருக்கு வீட்டைக் காட்ட அண்ணன்மாரும் அக்காவும் முதல் நாளே வந்து இறங்கிவிடுவார்கள். வந்ததும் ஆற்றில் குதிப்பார்கள், சீட்டாடுவார்கள், தொண்டை கட்டும்வரை பேசுவார்கள். மறுநாள் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதும் கூட்டம் போட்டு அவரிடம் ஒரு குறை கண்டுபிடிப்பார்கள். வானத்தில் மேகமே இல்லாத நாளில் குடை கொண்டுவந்தார் என்று ஒருவரைக் கழித்தார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே ஆற்றைப் பார்த்தாள் என்று ஒரு அம்மாளைக் கழித்தார்கள். நால்வரும் கையெழுத்துப் போட்டு "வருந்துகிறோம்" என்று கடிதம் போகும். எல்லாரும் மனநிறைவோடு ஊர் திரும்புவார்கள்.

கடைக்குட்டியும் எட்டு வருடம் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டவள்தான். அவளுக்கும் அந்த இரண்டு நாள் கூச்சல் வேண்டியிருந்தது. ஆனால் இந்த வருடம் அவளிடம் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. நகரத்தில், மருந்துக்கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் ஒரு சின்ன ஃப்ளாட். கூட வேலை பார்க்கும் காவலாளியம்மாவின் தங்கை காலி செய்கிறாள். லிஃப்ட் உண்டு. சன்னலைத் திறந்தால் கீழே கடைவீதி, எதிர்ச்சன்னலில் யாரோ ரேடியோ பாட விடுவார்கள். போய்ப் பார்த்த அன்றே அவள் மனம் அங்கே குடிபோய்விட்டது. மாத முடிவுவரைதான் அவளுக்காக வைத்திருப்பார்கள். வீடு விற்றால்தான் ஃப்ளாட். இதை அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அன்று காலை வந்தவர் ஒரு பேக்கரிக்காரர். மனைவி, நான்கு பிள்ளைகள், ஒரு பெட்டி நிறைய பன்னோடு, சுற்றுச்சாலை வழியாக வேனில் வந்திறங்கினார். பெரியண்ணன் வழக்கம்போல் தொண்டையைச் செருமிக்கொண்டு வீட்டின் குறைகளை வாசித்தார். யாரையும் ஏமாற்றக்கூடாது என்பது அவர் சொல்லும் காரணம். ஓட வைப்பதுதான் உள்நோக்கம் என்பது குடும்பத்துக்குத் தெரியும்.

"கூரை மூணு இடத்துல ஒழுகும். மேற்கு ரூம் கதவு சாத்தாது. ராத்திரி தவளை சத்தம் காதைப் பொளக்கும்."

"தவளையா? எங்கே?" என்று நான்கு பிள்ளைகளும் தோட்டத்துக்குப் பறந்தார்கள்.

"மழைக்காலத்துல ஆறு சமையலறை வாசல் வரைக்கும் வந்துடும்மா."

"அப்போ பாத்திரம் கழுவ நான் வெளியே போக வேண்டாம், ஆறே உள்ளே வந்துடும்னு சொல்லுங்க" என்றாள் பேக்கரிக்காரர் மனைவி. சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

பேக்கரிக்காரர் கேட்டது ஒன்றுதான். "சார், நாங்க சாயங்காலம் வரைக்கும் டவுன்லதான் இருப்போம். உண்டு இல்லைன்னு இன்னிக்கே சொல்லிடுங்க. எழுத்துல குடுத்தா ரொம்ப நல்லது."

எழுத்தில் என்றதும் பெரியண்ணனுக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. அதுவே இப்போது கூட்டத்துக்குப் பெரிய சிக்கலாகியிருந்தது.

"குறை சொல்லுங்கப்பா" என்றார் பெரியண்ணன், பேனாவைத் திறந்து. "நேரம் போகுது. அஞ்சு மணிப் படகுல கடுதாசி போயாகணும்."

"எனக்கு அந்தாளு பல்லுதான் உறுத்துது" என்றாள் அக்கா. "ஒரு சொத்தை கிடையாது. நாள் முழுக்கச் சர்க்கரையில புரளுற மனுஷனுக்கு எப்படி?"

"பல்லு நல்லா இருக்கிறது குறையாடி?" என்றார் அத்தான். "அப்போ நான் எவ்வளவு உத்தமன்னு பாத்துக்கோ."

சின்னண்ணன் கால்சட்டையைப் பிழிந்தான். "வேனை ரிவர்ஸ்ல ஒரே மூச்சுல கொண்டுவந்து நிறுத்தினாரு. கண்ணாடியைப் பாத்தாரு, கையைக் காட்டினாரு, நிறுத்தினாரு. அவ்வளவு ஒழுங்கான மனுஷனை நம்பவே கூடாது."

"உருப்படியா ஒண்ணு சொல்லுடா."

"அதிகமா சிரிக்கிறாங்க" என்றாள் அக்கா திடீரென்று. "நாம ஒண்ணு சிரிச்சா அவங்க நாலு சிரிக்கிறாங்க. நம்ம வீட்டுல வந்து நம்மளையே மிஞ்சறாங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். பெரியண்ணன் எழுதிக்கொண்டார்: அளவுக்கு மீறிய சிரிப்பு. பிறகு கடைக்குட்டிப் பக்கம் திரும்பினார். நல்ல கையெழுத்து அவளுடையதுதான். கடிதம் எழுதுவது எப்போதும் அவள் பொறுப்பு. "எழுதும்மா. அன்புடையீர், வருந்துகிறோம்..."

கடைக்குட்டி பேனாவை மூடி மேஜையில் வைத்தாள்.

"நான் எழுத மாட்டேன்ணா."

"ஏன், மை தீந்துடுச்சா?"

"மை இருக்கு. எனக்கு வருத்தம்தான் இல்ல. வீட்டைக் குடுத்துடலாம்."

அத்தான் வாய்க்குக் கொண்டுபோன பன்னை அப்படியே பிடித்திருந்தார்.

"என்னடி சொல்றே? இது நம்ம வீடு" என்றாள் அக்கா.

"உனக்கு வருஷத்துல ரெண்டு நாள் வீடுக்கா. எனக்கு மத்த நாளெல்லாம். பதினொரு ரூம் சன்னலையும் சாயங்காலம் நான் ஒருத்தி சாத்தணும். கடைசி ரூமுக்குப் போறதுக்குள்ள முதல் ரூம்ல காத்து திறந்துவிட்டுடும். மழைக்காலத்துல நானும் தவளையும்தான் பேசிக்கிறோம். இப்பல்லாம் அதுங்களுக்கும் நான் சொல்றது அலுத்துப்போச்சு."

யாருக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவளே சிரித்தாள். சிரித்த வேகத்தில் ஃப்ளாட்டைப் பற்றியும் கொட்டிவிட்டாள்: லிஃப்ட், கடைவீதி, எதிர்ச்சன்னல் ரேடியோ, மாத முடிவு எல்லாம். சொல்லச் சொல்ல அவள் முகம், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய நாளைப்போல ஆகிக்கொண்டே வந்தது. அதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"இவ்வளவு நாள் ஏம்மா சொல்லல?" என்றார் பெரியண்ணன். குரல் இறங்கியிருந்தது.

"நீங்க கேக்கலையேண்ணா. வாங்க வர்றவங்களைப் பத்தித்தானே கூட்டத்துல பேசுறோம்."

பெரியண்ணன் தாளைப் பார்த்தார். எழுதியதை அடித்தார். அடித்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அக்காவைப் பார்த்தார். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ போகட்டும்ணா. லிஃப்ட் இருக்காமே. என் கவலை வேற. இது போயிட்டா நாம எங்க கூடுவோம்? கல்யாணம் காட்சின்னா கூப்பிடுவாங்க. சும்மா வான்னா யார் வர்றோம்? எனக்குப் பேஷண்ட், உங்களுக்கு மூட்டுவலி, இவனுக்கு லைசென்ஸ் டெஸ்ட். ஒரு காரணம் வேணுமே நமக்கு."

கடைக்குட்டியும் அதைத்தான் பல மாதமாக நினைத்துக் குமைந்துகொண்டிருந்தாள்.

படியிலிருந்து சின்னண்ணன் எழுந்தான். அவன் நின்ற இடத்தில் ஒரு குட்டிக் குளம் தேங்கியது.

"அடுத்த வருஷம் என் வீட்டை விப்போம்" என்றான்.

"உன் வீட்டுக்கு என்னடா கேடு?"

"ஒரு கேடும் இல்ல. விளம்பரம் குடுப்போம். நீங்கல்லாம் முதல் நாளே வந்துடுங்க. ஆள் வரட்டும், பாக்கட்டும். அண்ணன் குறை வாசிக்கட்டும். சாயங்காலம் கூட்டம் போட்டு 'வருந்துகிறோம்'னு அனுப்பிடுவோம்."

"பொண்டாட்டிகிட்ட கேட்டியா மச்சான்?" என்றார் அத்தான்.

"கேட்டா அவ நிஜமாவே வித்துடுவா அத்தான்."

முதலில் வெடித்தவள் அக்காதான். சோபா குலுங்க, அத்தான் பாதி இடத்தையும் இழந்து எழுந்து நின்றார். "அதுக்கு அடுத்த வருஷம் என் கிளினிக்!" என்று அவள் கத்தினாள். "நாற்காலி உட்பட!" பெரியண்ணன் தன் வீட்டில் ஆறு இல்லையே, பின்னால் தண்டவாளம்தான் இருக்கிறது என்று உண்மையாகவே கவலைப்பட்டார். குறைக்குக் குறையும் ஆச்சு, வேடிக்கைக்கு வேடிக்கையும் ஆச்சு என்று அத்தான் தேற்றினார். பேக்கரிக் குடும்பம் இருந்திருந்தால் தோற்றிருக்கும், அவ்வளவு சிரிப்பு.

"என் ஃப்ளாட்டை மட்டும் யாரும் விளம்பரத்துல போடக்கூடாது" என்றாள் கடைக்குட்டி, கண்ணைத் துடைத்தபடி. "அது விக்கிறதுக்கு இல்ல."

நாலரை தாண்டிவிட்டது. பெரியண்ணன் அவசரமாக நாற்காலியை மேஜைக்கு இழுத்தார். "எழுதும்மா. அன்புடையீர்..." அதோடு நின்றுவிட்டார். ஒன்பது வருடத்தில் சம்மதக் கடிதம் எழுதியே பழக்கமில்லை. "வருந்துகிறோம்" என்றுதான் வாயில் தானாக வந்தது. "சம்மதிக்க வருந்துகிறோம்" என்றான் சின்னண்ணன். அவனைப் படிக்கு விரட்டினார்கள்.

கடைசியில் கடைக்குட்டியே எழுதினாள். வீட்டை உங்களுக்குத் தருவதில் எங்கள் நால்வருக்கும் முழுச் சம்மதம். மேற்கு அறைக் கதவுக்கு ஆசாரியிடம் சொல்லிவிடுகிறோம். கூரை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பன் அருமை. அவ்வளவுதான். பெரியண்ணன் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். சின்னண்ணன் போட்ட இடத்தில் மட்டும் ஒரு சொட்டு ஈரம் பரவியது.

தொலைவில் படகின் ஊதல் கேட்டது. பெரியண்ணன் தாளை நான்காக மடித்து உறையில் வைத்து, நாக்கால் நனைத்து ஒட்டினார். ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தார். பிறகு உறையைக் கடைக்குட்டியிடம் நீட்டினார். "ஓடு!"

அவள் ஓடினாள். அந்த வயதில் அவள் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. பின்னால் வராந்தாவிலிருந்து மூன்று குரல்கள் மாறி மாறி அவளைத் துரத்தின: செருப்பு போட்டுக்கோ, பாத்துப் போ, படகை நிறுத்தச் சொல்லு. துறைப் பலகையில் நின்று அவள் இரண்டு கையையும் வீசினாள். படகுக்காரர் பக்கவாட்டில் ஒதுக்கி, உறையை எட்டி வாங்கினார்.

"வழக்கமான கடுதாசிதானேம்மா?" என்றார்.

"இல்லீங்க" என்றாள் அவள், மூச்சிரைக்க. "இது நனையாம போகணும்."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, உறையை உள்ளே வைத்து, தொப்பியை மறுபடி அழுத்தி மாட்டிக்கொண்டார். படகு நகரத்துப் பக்கம் திரும்பியது.