பதினெட்டு வெள்ளை ஜெர்சி

கொள்ளிடம் எஃப்.சி. பிறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஒரு பஸ், ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு வாடகை வீடு, இருபது ஆட்டக்காரர்கள், ஒரு கோச் என்று எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. துணிமணி, ஷூ, பந்து அத்தனைக்கும் பொறுப்பு லூர்துராணி. பாலக்கரைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருஷம் பி.டி. டீச்சராக விசில் ஊதியவள். இந்த வேலைக்குச் சென்னையிலிருந்து ஆள் பார்க்கலாம் என்று யாரோ சொன்னபோது, "துணி துவைக்கச் சென்னையிலேருந்தா ஆள் வரணும்?" என்று கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றோடு அந்தப் பேச்சு அடங்கியது.

அப்பேர்ப்பட்டவளுக்கு, சொந்த ஊரில் முதல் மேட்ச் நடக்கவேண்டிய அன்று காலை ஆறு மணிக்கே சோதனை வந்தது.

கோல்கீப்பர்கள் இரண்டு பேருக்குப் பச்சை. மற்ற பதினெட்டு பேருக்கும் தும்பைப்பூ வெள்ளையில் புது ஜெர்சி. முந்தின நாள்தான் பெட்டி வந்திருந்தது. சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ளும் செல்லக்கிளி மருங்காபுரிக்காரி. மஞ்சள் வைக்காமல் புதுத்துணி உடுத்துவது அவள் வீட்டில் கிடையாது. பிள்ளைகள் முதன்முதலாகக் களத்தில் இறங்குகிறார்களே என்று, விரல் நுனியால் தொட்டு வைக்கவேண்டிய மஞ்சளைக் குழைத்து, ஒவ்வொரு ஜெர்சியின் கீழ்மூலையிலும் கட்டைவிரலால் அப்பி வைத்திருந்தாள்.

லூர்துராணிக்குக் கோபம் வந்ததே தவிர பயம் வரவில்லை. சோப்புக்குப் போகாத கறையா? பதினெட்டையும் மிஷினில் போட்டாள். சோப்புத்தூளை ஒரு கை கூடவே அள்ளிப் போட்டாள்.

மிஷினைத் திறந்தால் மஞ்சள் போகவில்லை, சிவந்திருந்தது. எட்டணா அளவு இருந்த பொட்டெல்லாம் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது.

"உங்கள யாருங்க இதெல்லாம் செய்யச் சொன்னா? கிச்சனோட நிக்க மாட்டீங்களா?"

"நல்லதுக்குத்தாங்க டீச்சர் வச்சேன்" என்றாள் செல்லக்கிளி. முகம் சுண்டிப்போய்விட்டது.

மேசையில் இன்னொரு வெள்ளைச் சட்டை கிடந்தது. முதுகில் 'லூர்துராணி' என்று அச்சடித்து கிளப் அவளுக்குக் கொடுத்தது. செல்லக்கிளி அதையும் விட்டுவைக்கவில்லை. மிஷினுக்குத் தப்பிய அதன் மூலையில் பொட்டு பளிச்சென்று மஞ்சளாகவே இருந்தது. லூர்துராணி அதைத் தூக்கி நாற்காலியில் எறிந்தாள்.

பதினோரு மணிக்கு ஸ்டேடியத்தில் மேட்ச் கமிஷனர் நவநீதன் இரண்டு அணிகளின் ஜெர்சியையும் பார்வையிட்டார். லூர்துராணி ஒன்றை மடித்து, கறை உள்ளே போகும்படி நீட்டினாள். அந்த மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை. பிரித்தே பார்த்தார்.

"ரத்தக்கறையோட ஆட விடக்கூடாதுங்க மேடம். விதி."

"ரத்தமில்ல சார், மஞ்சள்."

"மஞ்சள் மஞ்சளாத்தானே மேடம் இருக்கும்?"

மாற்று ஜெர்சி கருநீலம், எதிரணியும் கருநீலம். நவநீதன் பேனாவை மூடினார். "மூணரைக்கு மறுபடி பார்ப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா, மூணுக்கு சைபர்னு அவங்க ஜெயிச்சதா எழுதிட்டுப் போயிடுவேன்."

ஆடாமலே தோற்பதா? லூர்துராணி ஸ்ரீரங்கத்துக்கு ஆட்டோ பிடித்தாள். காவிரிப் பாலம் தாண்டும்போதுதான் மண்டையில் உறைத்தது. பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடை சயின்ஸ் டீச்சர் பிடுங்கிக்கொள்வது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். விசிலும் கையுமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவளும் அந்தப் பாடத்தை வருஷா வருஷம் பார்த்திருக்கிறாள். மஞ்சள் தடவிய காகிதம் சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும். எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சளாகும். பிடுங்கிய பீரியடுக்கெல்லாம் சேர்த்து சயின்ஸ் இன்றைக்குப் பதில் சொல்லட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

நேரே சமையல்கட்டுக்குப் போனாள். "காலையில கத்துனது தப்புங்க. நீங்க வச்சது மஞ்சள்தான். சிவப்பாக்குனது நான். எலுமிச்சம்பழம் எத்தனை இருக்கு?"

செல்லக்கிளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஜூஸுக்கு அம்பது. பஸ் டயருக்கு நாலு."

"எல்லாத்தையும் வெட்டுங்க."

"டயருக்கு வைக்காமலா புது பஸ்ஸ எடுக்கப் போறீங்க?"

"சட்டை வெளுக்காட்டி பஸ்ஸே எடுக்க வேண்டாங்க."

வெட்டினார்கள், பிழிந்தார்கள், தேய்த்தார்கள். சிவப்பு கண்ணெதிரே மஞ்சளாகத் திரும்பியது. ஆனால் மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. லூர்துராணி படித்த பாடம் அதோடு முடிந்தது. அவள் கையைப் பிசைவதைப் பார்த்துச் செல்லக்கிளி சிரித்தேவிட்டாள்.

"மஞ்சளுக்கு வெயில் ஆகாதுங்க டீச்சர். சோப்புப் போடாம அலசிட்டு மாடிக்கு எடுத்துட்டு வாங்க. எங்க ஊர்ல மஞ்சத்தண்ணி பட்ட சேலையெல்லாம் சாயங்காலத்துக்குள்ள வெளுத்துடும்."

"சாயங்காலம்வரைக்கும் நமக்கு நேரம் இல்லீங்க."

"பங்குனி வெயில்ங்க. பாருங்களேன்."

மொட்டைமாடியில் பதினெட்டும் ஈரத்தோடு விரிந்தன. தூரத்தில் ராஜகோபுரம் வெயிலில் தகித்துக்கொண்டிருந்தது. கேப்டன் பிரவீன்ராஜும் மற்ற பையன்களும் ஆளுக்கொரு சட்டையாகத் திருப்பிப் போட்டார்கள், தண்ணீர் தெளித்தார்கள், சுடும் தரையில் வெறுங்காலோடு குதித்தார்கள். "வார்ம்அப் முடிஞ்சிடுச்சு டீச்சர்!" என்று கத்தினான் பிரவீன்ராஜ். ஒரு மணிக்கு மஞ்சள் வெளிறியது. இரண்டு மணிக்குத் தேடவேண்டியிருந்தது. இரண்டரைக்குத் தேடியும் கிடைக்கவில்லை. லூர்துராணி தன் கண்ணை நம்பாமல் செல்லக்கிளியின் கண்ணையும் ஒருமுறை ஓடவிட்டாள்.

கிளம்பும்போதுதான் தன் சுடிதார் எலுமிச்சைச் சாற்றில் ஊறிக் கிடப்பது அவளுக்குத் தெரிந்தது. நாற்காலியில் கிடந்த சட்டையை எடுத்தாள். இருபது வயதில் மாவட்டத்துக்காக ஆடியபோது அவளுக்கென்று ஒரு ஜெர்சி இருந்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் கழற்றி, எண்ணிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். சொந்தப் பேர் போட்ட சட்டை நாற்பத்தெட்டு வயதில் இதுதான் முதல். அதற்கும் ஒருத்தி கேட்காமலே மஞ்சள் வைத்திருக்கிறாள். அதைப் போட்டுக்கொண்டாள். செல்லக்கிளியையும் பஸ்ஸில் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டாள். பஸ் டயருக்கு எலுமிச்சம்பழம் இல்லாமலே புறப்பட்டது.

மூன்றரைக்கு நவநீதன் பதினெட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்றை முகர்ந்தும் பார்த்தார்.

"எலுமிச்சை வாசம் அடிக்குது மேடம்."

"வாசத்துக்கு விதி இருக்கா சார்?"

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நிமிர்ந்தபோது அவள் சட்டை மூலை கண்ணில் பட்டது. "இன்னும் ஒண்ணு மஞ்சளாவே இருக்கே?"

"அது என்னோடது சார். அத வெளுக்க மாட்டேன்."

வெளியே பையன்கள் வரிசையில் நின்றார்கள். லூர்துராணி போய் ஆளுக்கொரு சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.