ஒட்டு விட்ட தோல்

...ஒட்டு விட்டதுதான், வேறென்ன, தேய்ந்த டயர் மேல் புது ரப்பரை வேகவைத்து ஒட்டுகிறோமே, உள்ளே சூடு ஏறினால் மேல்பட்டை குமிழ் விட்டுக் கிளம்பிவிடும், தம்பியின் தோலும் அப்படித்தான், மாத்திரையைக் கண்டு மிரண்ட காவல் அணுக்கள் சொந்தத் தோலையே அந்நியன் என்று அடிக்கின்றன, மேல்தோல் அடித்தோலைக் கைவிடுகிறது... நர்ஸிடம் துருவித் துருவிக் கேட்டு இது புரிந்தபோது டயர்க்கடைக்காரனுக்கு ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது, சே, என்ன ஜென்மம் இது? கட்டிலில் தம்பி, முதுகுத் தோல் விரிப்போடு வந்துவிடுகிறது, உதடெல்லாம் கருத்த பொருக்கு, பேச்சு இல்லை. லட்சத்தில் ஒருத்தருக்கு வருமாம். ஆனால் இவனுக்கும் தம்பிக்கும் கால் பெருவிரலில் ஒரே வீக்கம்தானே, அந்த மாத்திரை இவனுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்டது, ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே ரத்தம், டாக்டருக்கு எதற்குத் தண்டம் என்று தன் அட்டையில் பாதியைக் கிழித்துக் கொடுத்தான், யூரிக் ஆசிட் மூட்டில் எப்படி உறைகிறது என்று டீக்கடை மேசையில் சர்க்கரையைக் கொட்டிப் பாடம் வேறு நடத்தினான். காய்ச்சலும் தடிப்புமாகத் தம்பி கடைக்கே வந்து கேட்டான், நிறுத்திடவா அண்ணே என்று. உள்ள இருக்கிற கெட்டது வெளிய வருதுடா, நடுவுல விட்டுடாத... அதையும் இந்த வாய்தானே சொன்னது?

என்ன மாத்திரை போட்டார் என்று டாக்டர் கேட்டபோது தம்பி மனைவி முந்திக்கொண்டாள், காய்ச்சலுக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்று. இவன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். எல்லா மருந்தையும்தான் நிறுத்திவிட்டார்களே, இனி பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது... "என் கையாலயே குடுத்தேன் மாமா," என்று அவள் தினமும் அழுகிறாள். "நீ என்னம்மா பண்ணுவ, யாருக்கு எது சேராதுன்னு நெத்தியிலயா எழுதியிருக்கு?" அப்புறம் அவளுக்கும் டயர் கதையைப் பொறுமையாக விளக்கினான், நீங்க இல்லைன்னா பைத்தியமே புடிச்சிருக்கும் மாமா என்றாள், இவன் தலையாட்டிக்கொண்டான், தலையாட்ட எப்படி முடிந்தது?

இன்று காலை டாக்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, புண் ஆறுகிறது, பேச்சு வந்துவிடும் என்றார். "வந்ததும் என்னைத்தான் திட்டுவாரு," என்று அவள் எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தாள், "திட்டட்டும்." ஆமாம், திட்டட்டும், யாரை... கண் பீளையைத் துடைத்ததும் தம்பி அண்ணனைத்தான் பார்த்தான், உதடு பிரிந்தது, காற்று மட்டும் வந்தது. என்னமோ சொல்றாரு மாமா என்று அவள் காதைக் கிட்டே கொண்டுபோனாள். அதற்குள் இவன் உதட்டை நனைக்க வைத்திருந்த பஞ்சை எடுத்து அந்த வாய்மேல் வைத்தான். "பேசாதடா, புண்ணு கிழிஞ்சுடும்." கிழியும்தான், பொய்யில்லையே, ரத்தம் வரும், வலிக்கும், அவனுக்காகத்தானே... பஞ்சுக்கு அடியில் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது, நனைந்தது போதும், எடுத்துவிடலாம், எடுக்கத்தான் வேண்டும், கை ஏன் எடுக்க மாட்டேன் என்கிறது...