சுற்றிப் போகாத பாட்டு

நீங்கள் தினமும் ஏறுகிற பஸ்ஸின் டிரைவர் வாய்க்குள் என்ன பாட்டை முணுமுணுக்கிறார் என்று ஒரு நாளாவது காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா?

மயானத்தை ஒட்டிய கூடத்தில், கீபோர்டு வயரைச் செருகப் பிளக் தேடி நாற்காலிகளுக்கு அடியில் குனிந்திருந்தபோது, மகளுக்கு அந்த யோசனைதான் ஓடியது. அம்மாவின் பஸ்ஸில் போனவர்கள் கேட்டிருப்பார்கள். கேட்காமல் தப்ப முடியாது. அம்மா முணுமுணுத்தால் எஞ்சினே அடங்கிப்போன மாதிரி இருக்கும். அதுவும் வருஷக்கணக்காக ஒரே பாட்டு.

அம்மா கூடத்தின் நடுவில் யூனிஃபார்மோடு படுத்திருந்தாள். வேறு துணி போடலாமே என்று அண்ணன் சொல்லிப் பார்த்தான். இஸ்திரி போட்ட யூனிஃபார்மை மகள் அவன் கையில் கொடுத்ததும் வாங்கிக்கொண்டான். ஆனால் பாட்டு விஷயத்தில் அவன் இறங்கி வரவில்லை.

"முழுசா வாசிக்கிறோம்," என்றான், வயலினுக்குச் சுருதி கூட்டிக்கொண்டே. "அந்தத் தாளையும் சேர்த்து."

"அம்மாவுக்கு அது பிடிக்காது."

"அம்மாவுக்கு அது தெரியாது. ரெண்டும் ஒண்ணு இல்ல. இன்னைக்காவது சரியா வாசிச்சு அனுப்பணும்."

அவன் கண் கடைசி வரிசைக்குப் போய் வந்தது. வெளியூரில் அவன் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் பள்ளியிலிருந்து இரண்டு ஆசிரியர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மகள் மறுபடி நாற்காலிக்கு அடியில் குனிந்தாள். பிளக் கிடைத்துவிட்டது.

விஷயம் ஒரு தாளைப் பற்றியது. அம்மா புத்தகம் வாங்குவது பழைய பேப்பர் கடையில், எடை போட்டு. நாலு கதைப்புத்தகம் வாங்கினால் இரண்டில் நடுப்பக்கம் இருக்காது. எவனோ பொட்டலம் மடித்திருப்பான், மடிக்கட்டும் என்பாள். டிரிப்புக்கும் டிரிப்புக்கும் நடுவே டெர்மினலில், டிரைவர் சீட்டை விட்டு இறங்காமலேயே படிப்பாள். பக்கம் இல்லாத இடம் வந்தால், அங்கே என்ன நடந்திருக்கும் என்பதை அடுத்த டிரிப் ஓட்டிக்கொண்டே முடிவு செய்துவிடுவாள். ராத்திரி சாப்பாட்டின்போது கதை முழுசாக வரும். எது அச்சில் இருந்தது, எது அம்மா போட்டது என்று பிள்ளைகளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

வயலின் பாடப் புத்தகமும் அதே எடையில் வந்ததுதான். நடுவில் ஒரு தாள் இல்லை. அந்தப் புத்தகத்தில் இருக்கும் இசைக் குறிகள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பிள்ளைகளுக்குத் தாள் போனது தெரியவில்லை. முன்பக்கத்தின் கடைசியிலிருந்து மிஞ்சிய பக்கத்தின் முதலுக்குத் தாவி, அதுதான் பாட்டு என்று பழகிவிட்டார்கள். பாட்டில் மெதுவாக மேகம் கூடும், இதோ மழை என்று காது நிமிரும்போது, சட்டென்று வெயில் அடித்துவிடும்.

அம்மாவுக்கு அந்த வெயில்தான் உயிர். வேலை முடிந்து வந்ததும் ஷூவைக் கழற்றிவிட்டு, சமையலறையில் வெந்நீர் வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு, மடியில் புத்தகத்தை விரிப்பாள். அடுத்த அறையில் அண்ணன் வயலினும் தங்கை கீபோர்டுமாகச் சாதகம் நடக்கும். அண்ணன் தடுக்கிக்கொண்டே இருந்தால் பக்கத்தைத் திருப்பாமல் காத்திருப்பாள். தாவல் சரியாக விழுந்ததும் பக்கம் திரும்புகிற சத்தம் கேட்கும். கைதட்டல் எல்லாம் அந்த வீட்டில் கிடையாது. பக்கம் திரும்பினால் சரி.

அண்ணன் முதல் முறை போட்டிக்குப் போனபோதுதான் குட்டு உடைந்தது. அங்கே துணைக்கு வாசித்த பியானோக்காரர் பாட்டை முழுசாக வாசித்தார். இவன் தாவி ஓடி, முடித்து, குனிந்து வணக்கமும் சொல்லிவிட்டான். பியானோ மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அரங்கம் சிரித்தது. வீட்டுக்கு வந்து, குப்பையில் பொறுக்கினால் இப்படித்தான் ஆகும் என்று கத்தினான். அம்மா மறுவாரமே புதுப் புத்தகம் வாங்கி வந்தாள். அவன் அந்தத் தாளையும் சேர்த்து வாசித்துக் காட்ட, கடைசிவரை கேட்டாள்.

"நல்லாத்தான்டா இருக்கு," என்றாள். "ஆனா எதுக்கு இவ்வளவு சுத்திக்கிட்டு? நேரா ரோடு இருக்கே."

பஸ்ஸில் அவள் ரூட் மாறவில்லை. பழையபடியே முணுமுணுத்தாள்.

டெப்போக்காரர்கள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மொத்தமாக வந்தார்கள், காக்கியும் கிரீஸ் வாசனையுமாக. முன்னால் வந்தவர் அம்மாவின் கண்டக்டர். டெப்போவில் அவர் பெயர் விசில். கையில் அம்மாவின் சீட் மெத்தையும் அதன்மேல் ஒரு புத்தகமும் இருந்தன. அம்மா குள்ளம். சீட்டைக் கடைசிவரை முன்னால் தள்ளி, முதுகுக்கு அந்த மெத்தையை வைத்தால்தான் பிரேக் எட்டும்.

அவர் இரண்டையும் மகளிடம் கொடுத்தார்.

"புத்தகம் விரிஞ்சு இருந்துச்சு பாப்பா. படிக்கிறாங்கன்னு நெனச்சேன். படிக்கும்போது கூப்பிட்டா அக்காவுக்குக் கோவம் வரும்." கழுத்தில் தொங்கிய விசிலைத் தொட்டார். "டைம் ஆச்சு. ரெண்டு விசில் அடிச்சேன். வண்டி நகரல."

மகள் புத்தகத்தைத் திறக்கவில்லை. மெத்தையைத் தன் நாற்காலியில் போட்டு உட்கார்ந்தாள். கீபோர்டு சரியான உயரத்துக்கு வந்தது.

அண்ணன் வில்லைத் தூக்கினான். ஆரம்பித்தார்கள்.

முதல் சில அடிகளுக்குள் கூடத்தில் ஏதோ அசைந்தது. மெக்கானிக் ஒருவர் பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்தார். யாரோ மூக்கால் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் இன்னொருவர். பாட்டுக்கு என்ன பெயர் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் எல்லாரும் அம்மா ஓட்டிய பஸ்ஸில் டெப்போவுக்கு வந்து போனவர்கள். வயலினுக்கு அடியில், எஞ்சின் சூடாகிற மாதிரி, காக்கிக் கூட்டம் முனகிக்கொண்டு வந்தது. பள்ளி ஆசிரியர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மேகம் கூடியது. தாவல் வருகிற இடம் மகளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அண்ணனின் முதுகு நிமிர்ந்திருந்தது. அவன் தாளுக்குள் நுழையப் போகிறான்.

நுழைந்தான். அதே நொடியில் டெப்போ மொத்தமும் தாவியது. இங்கே வயலின் மழைக்குள் போக, அங்கே அத்தனை தொண்டைகளும் வெயிலில் நின்றன. தாங்கள் தப்பு செய்வதாக ஒருவருக்கும் தோன்றவில்லை. விசில் மட்டும், வயலின் ஏன் வேறெங்கோ போகிறது என்பது போல அண்ணனைப் பார்த்தார். பிரேக்டவுன் ஆன வண்டியைப் பார்க்கிற பார்வை.

மகளின் விரல்கள் யோசிக்கவில்லை. டெப்போவோடு தாவி, கட்டையை அழுத்தமாக அடித்தாள். பட்டன் இருந்தது, சத்தத்தையும் கூட்டினாள்.

வயலின் நின்றது. வில் கம்பியைத் தொடாமல் அப்படியே இருந்தது. டெப்போ காத்திருக்கவில்லை, அவர்கள் டைமுக்கு ஓட்டுகிறவர்கள். இரண்டு அடி போனபின், ஓடுகிற பஸ்ஸில் ஏறிக்கொள்கிறவனைப் போல அண்ணன் வந்து சேர்ந்தான். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா இல்லையா என்று மகள் பார்க்கவில்லை. அவளுக்குக் கீபோர்டில் வேலை இருந்தது.

எல்லாரும் ஒன்றாக முடித்தார்கள். யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் காலை அண்ணனை ரயிலேற்றிவிட மகள் அம்மா ஓட்டிய அதே பஸ்ஸின் முதல் டிரிப்பில் உட்கார்ந்திருந்தாள். பஸ் கொஞ்சம் தாமதமாகத்தான் புறப்பட்டது. புது டிரைவர் உயரமானவர். டிரைவர் சீட் முன்னால் தள்ளியபடியே துருப்பிடித்து இறுகியிருந்ததால், பின்னால் நகர்த்த மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியிருந்தது.