பித்தளைக் காதுகள்

என் அப்பா கைலாசத்துக்கு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் சும்மா உட்காரத் தெரியாது. செருப்பைக் கழற்றும்போதே கதவுக் கீல் கிறீச்சிடுகிறதா என்று கவனிப்பார். குடித்த தம்ளரைக் கீழே வைப்பதற்குள் எந்தக் குழாய் சொட்டுகிறது என்று கண்டுபிடித்துவிடுவார். தொலைபேசி இலாகாவில் வருஷக்கணக்காகக் கம்பி பற்றவைத்து ஓய்வு பெற்றவர். இப்போது அம்மாவோடு முக்கூடலில் இருக்கிறார். அந்த வீட்டில் ரிப்பேர் பார்க்க இனி ஒன்றும் மிச்சமில்லை என்பதால், அவ்வப்போது பஸ் ஏறிப் பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிடுவார். வந்தால் கேட்காமல் கொள்ளாமல் எதையாவது சரிசெய்துவிட்டுத்தான் போவார். அந்தக் கேட்காமல் கொள்ளாமல் என்பதுதான் எனக்கு ஆகாது.

வீட்டுச் சாமானோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டபோது, எலெக்ட்ரானிக்ஸில் சேர்த்துவிட்டு வந்துதான் என்னிடம் தகவல் சொன்னார். மாப்பிள்ளை பார்த்ததும் அப்படித்தான். மாப்பிள்ளை சிவகணேஷ் நல்ல மனுஷராக அமைந்துவிட்டார், பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறார், கோபமே வராது. ஆனால் அதை அப்பாவிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் தலைகால் புரியாது.

எலெக்ட்ரானிக்ஸ் படித்த நான் பேட்டைத் தொழிற்பேட்டையில் ஸ்டெபிலைசர் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மெக்கானிக்கல் ஆசை மட்டும் அடங்கவில்லை. அதற்கு வடிகாலாகக் கிடைத்ததுதான் மத்தியாஸ் அண்ணனின் கார் பந்தயம்.

மத்தியாஸ் அண்ணன் எங்கள் பக்கத்து வீடு. புன்னக்காயல்காரர், கப்பலில் என்ஜினியர். தொண்ணூற்று மூன்றில் லீவுக்கு வந்தபோது எங்கேயோ ஒரு துறைமுகத்தில் பழையதாக வாங்கிய பொம்மைக் கார் ரோடு ஒன்றைப் பெட்டி பெட்டியாக இறக்கினார். பிளாஸ்டிக் ரோடு, ஓடுதடம் இரண்டு. ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் காடி என்கிற நீளப் பள்ளம், காடியின் இரண்டு பக்கமும் கரண்ட் ஓடுகிற தகட்டுப் பட்டை. காரின் மூக்குக்கு அடியில் இருக்கும் முளை காடிக்குள் இறங்கி நிற்கும். கையில் இருக்கும் விசையை அழுத்தினால் கார் பறக்கும், விட்டால் நிற்கும். வளைவில் விடத் தெரியாதவன் கார் காடியை விட்டு எழும்பிச் சுவரில் போய் மோதும். அவ்வளவுதான் விளையாட்டு. பெரிய ஆட்களை இது என்ன பாடு படுத்தும் என்பது ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கூட வந்த கார்கள் ஒரே மாதத்தில் உடைந்துபோயின. நம் ஊரில் அதெல்லாம் எங்கே கிடைக்கும்? அதனால் நாங்களே செய்ய ஆரம்பித்தோம். பாத்திரக் கடையில் வெட்டுத்துண்டாகக் கிடைக்கும் பித்தளைத் தகடு, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, டேப்ரெக்கார்டர் மோட்டார், ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டித் தேய்த்த டயர். பட்டையிலிருந்து கரண்ட் எடுக்க, கேபிள் டிவி வயருக்குள் இருக்கும் செம்பு வலை. எல்லாவற்றையும் ஈயம் வைத்துப் பற்றவைத்தால் கார் தயார்.

அதில் சூட்சுமம் எல்லாம் அடியில் இருக்கும் சேஸிஸில்தான். நடுவில் ஸ்போக்ஸ் கம்பியால் ஒரு சட்டம். அதன் இரண்டு பக்கமும் பித்தளைத் தகடு ஒவ்வொன்று. அவற்றை நாங்கள் காது என்போம். காதுகளைச் சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைக்கக் கூடாது. கம்பியில் கோத்துத் தொளதொளவென்று தொங்கவிட வேண்டும். வளைவில் கார் துள்ளும்போது அந்தத் துள்ளலை ஆடுகிற காதுகள் வாங்கிக்கொள்ளும், மூக்கு காடியை விட்டு எழாது. எவ்வளவு ஆட்டம் இருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்று. கையில் எடுத்துக் குலுக்கினால் என் கார் உண்டியல் மாதிரி கடகடக்கும். அந்தச் சத்தம் எனக்குச் சங்கீதம்.

தொண்ணூற்றைந்து லீவும் முடிந்து மத்தியாஸ் அண்ணன் மறுபடி கப்பலுக்குக் கிளம்பும் நேரம் வந்தது. அவர் மனைவி பிலோமினா மைனி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"எங்க அம்ம இங்கன வந்து தங்கப் போறா. அந்த ரூம் எனக்கு வேணும். உங்க ரோட்டை எவனுக்காவது தூக்கிக் குடுங்க."

வாங்கிக்கொள்ள இரண்டு பேர் இருந்தோம். நான் ஒன்று. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கிற, அண்ணனின் சித்தப்பா மகன் ஜேக்கப் இன்னொன்று. அண்ணன் வஞ்சகம் இல்லாமல் தீர்ப்புச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மூன்று ஓட்டம். இரண்டை ஜெயிப்பவர் வீட்டில் அடுத்த லீவு வரை ரோடு இருக்கும். ஜேக்கப் ஜெயித்தால் ரோடு தூத்துக்குடிக்குப் போய்விடும். விசையைத் தொடாமல் ஒரு வருஷத்துக்கு மேல் நான் கம்பெனியும் சமையற்கட்டுமாக இருக்க வேண்டியதுதான்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா வந்து இறங்கினார். சாயங்காலம் நானும் அவரும், அதாவது என் வீட்டுக்காரரும், பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போனோம். அப்பாவைத் தனியாக விட்டுப் போனது என் புத்திகெட்டதனம். திரும்பி வந்தபோது மிக்ஸியின் மூடி சரியாகியிருந்தது, ஜன்னல் கொக்கி சரியாகியிருந்தது. களைப்பில் படுத்துவிட்டேன்.

காலையில் கிளம்பும்போது மேஜையிலிருந்து காரை எடுத்தேன். சத்தம் வரவில்லை. குலுக்கினேன். அப்போதும் வரவில்லை. திருப்பிப் பார்த்தால் இரண்டு காதும் சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருந்தன. பற்று என்றால் அப்படி ஒரு பற்று. கண்ணாடிபோல மினுங்கியது, ஒரு பிசிறு கிடையாது.

"ரெண்டு தகடும் கழண்டு ஆடிக்கிட்டுக் கெடந்துச்சு. இறுக்கிட்டேன்" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "இனி எந்தக் காலத்துக்கும் அசையாது."

நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார். பேசாதே என்று அர்த்தம். அவருக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு சால்டரிங் கோலைத் தேடி எடுத்துப் பிளக்கில் சொருகினேன். கரண்ட் இல்லை. காலையிலேயே போய்விட்டிருந்தது, சாயங்காலம்தான் வருமாம். பந்தய ரோடு லாரி பேட்டரியில் ஓடுவது, அதற்குக் கரண்ட் வேண்டாம். சால்டரிங் கோலுக்கு வேண்டுமே. ஒரு வழியும் தோன்றாமல் அப்படியே காரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். "நானும் பாக்குதேன், அப்படி என்ன வெளையாட்டுன்னு" என்று அப்பாவும் பின்னாலேயே வந்தார்.

ஜேக்கப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். சுற்று எண்ண என் வீட்டுக்காரர் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டைகளோடு உட்கார்ந்தார். ஒரு சுற்றுக்கு ஒரு கொட்டை. மத்தியாஸ் அண்ணன் கைக்குட்டையை வீசினார்.

நேர் ரோட்டில் என் கார் நன்றாகத்தான் போனது. மணிமுத்தாறு என்று நாங்கள் பெயர் வைத்திருந்த அந்தக் கொண்டை ஊசி வளைவு வந்ததும் மரப்பலகை மாதிரி விறைத்துக்கொண்டு எழும்பி, கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. எடுத்து வைத்தார்கள். அடுத்த சுற்றிலும் விழுந்தது. அதற்கு அடுத்த சுற்றில் நான் ஊர்ந்தே போனேன், அப்போதும் விழுந்தது. ஜேக்கப் சிரித்துக்கொண்டே முதல் ஓட்டத்தை எடுத்துக்கொண்டான்.

"நல்லா இறுக்கித்தானே வச்சேன்? பொறவு ஏன்டி விழுது?" என்றார் அப்பா.

அவ்வளவுதான். நான் விசையைக் கீழே போட்டேன்.

"உங்கள யாரு தொடச் சொன்னா?" என்று கத்தினேன். "அது ஆடணும்! ஆடத்தான் நான் அப்படிச் செஞ்சேன்! ஒரு வார்த்தை கேட்டியளா? எம் பொருள், எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா? காலேஜுக்குக் கேட்டியளா, கல்யாணத்துக்குக் கேட்டியளா? எல்லாத்தையும் நீங்களா இறுக்கி வச்சுட்டுப் போயிருதிய!"

ஜேக்கப் தன் புதுச் சட்டையின் பொத்தானைப் பார்த்தான். என் வீட்டுக்காரர் புளியங்கொட்டைகளைப் பார்த்தார். கல்யாணம் என்ற சொல் அவரைக் குத்தியிருக்கும், அவருக்கு அப்புறம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கத்திய பிறகு எனக்கு வருத்தமாக இல்லை. நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று இறங்கின மாதிரிதான் இருந்தது.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் காரைக் கையில் எடுத்தார். ஜேக்கப்பின் காரை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினார். அது கடகடத்தது. அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

"தம்பி, தாமிரத் தலை போட்ட பழைய பத்தவைக்கிற கோல் இருக்கா?" என்று மத்தியாஸ் அண்ணனைக் கேட்டார். "காட்டுக்குள்ள லைன் வேலைக்குப் போனா எங்களுக்கு ஏது கரண்டு? அடுப்புலதான் காய வைப்போம்."

கப்பல்காரர் பெட்டியில் இல்லாத சாமான் கிடையாது. மரப்பிடி போட்ட கோல் ஒன்று வந்தது.

"நடுவுல வண்டிய மாத்தப்பிடாது" என்றான் ஜேக்கப்.

"மாத்தலலே. பழையபடிக்கு ஆக்குதாவ. நீ போய் டீ குடி" என்றார் அண்ணன்.

பிலோமினா மைனியின் அடுப்பில் சாளைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே இறக்கி வைத்தாள். வெங்காயம் அதிகம் போட்டால்கூட முகம் சுளிக்கிற என் அப்பா, மீன் குழம்புச் சட்டிக்கு ஒரு சாண் தள்ளி நின்று கோலைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தார். மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. சிரிப்பு வந்தது, ஆனால் கோபமாக இருக்கிறபோது சிரித்தால் கோபத்துக்கு மரியாதை இல்லை என்று அடக்கிக்கொண்டேன்.

காதைப் பிரிக்கப் போய்ச் சூடு பரவி நடுச்சட்டமே கழன்றுவிட்டால் எல்லாம் போச்சு. சட்டத்தின் பற்றுகளை ஈரத்துணியால் சுற்றி இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"நான் சொல்லுத எடத்துல மட்டும் வைங்க. போதும்னா எடுத்துரணும்."

"சரி."

"இங்கன."

வைத்தார். ஈயம் இளகியது. "போதும்" என்றேன், எடுத்தார். இளகினதைத் துணியால் துடைத்து, ஆறுகிற வரை காதை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அடுத்த பற்று, அதற்கடுத்தது. அவர் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. கடைசியில் காரைக் குலுக்கினேன். கடகடவென்றது. அப்பாவின் முகம் கோணியது. ஆடுகிற பொருளைக் கண்டால் அவருக்குப் பல் கூசும்.

இரண்டாவது ஓட்டத்தை நான் ஜெயித்தேன். மணிமுத்தாறில் கார் காதுகளை உதறிக்கொண்டு, காடியை விடாமல் திரும்பியது. நான் என்னை மறந்து கூவிவிட்டேன்.

மூன்றாவது ஓட்டத்தில் ஜேக்கப் ஆரம்பத்திலேயே முந்திவிட்டான். அவன் மோட்டார் என்னுடையதைவிட வேகம், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். நேர் ரோட்டில் அவன் பறப்பான், வளைவில் நான் பிடிப்பேன். கிண்ணத்தில் கொட்டைகள் குறைந்துகொண்டே வந்தன. என் கை வேர்த்து விசை வழுக்கியது. எதிரில் அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கார் அவரைக் கடக்கும்போதெல்லாம் அந்தக் கடகடப்புக்கு அவர் தோள் குலுங்கியது. ஆனாலும் அவர் கண் என் காரை விட்டு அகலவில்லை.

கடைசிச் சுற்று. இருவரும் ஒன்றாக வளைவுக்கு வந்தோம். நான் விசையை விட்டேன். ஜேக்கப் விடவில்லை. அவன் கார் எழும்பி, பிலோமினா மைனி கொண்டுவந்த டீத் தட்டில் இறங்கியது. என் கார் பைய உருண்டு கோட்டைத் தாண்டியது.

"பேட்டரி டல்லு வே, அதான்" என்றான் ஜேக்கப். யாரும் அவன் பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனே சிரித்துவிட்டு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்துவிடுவதாகச் சொன்னான். வரச் சொன்னேன். தனியாக ஓட்டி யாரைத் தோற்கடிப்பது?

டீ குடித்ததும், ரோட்டைக் கழற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகிற வேலை. துண்டு துண்டாகப் பலகையில் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள். மத்தியாஸ் அண்ணன் திருப்புளியை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுச் சாக்கு எடுக்கப் போனார். நான் டீத் தம்ளர்களை உள்ளே வைத்துவிட்டு ஓடிவந்தேன். அப்பா கையில் திருப்புளி கிடைத்தால் அதற்குள் பாதி ரோடு பிரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு திருகாணிகூடக் கழன்றிருக்கவில்லை. அப்பா திருப்புளியைப் பிடித்தபடி ரோட்டின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினார்.

"லேகா, எங்கன இருந்து கழட்டணும்?"

சாப்பிட்டாயா, சம்பளம் வந்ததா என்றெல்லாம் கேட்பார். ஒரு வேலையைச் செய்யும் முன்னால் என்னிடம் அவர் இப்படிக் கேட்டதே இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜெயித்தபோது வராத அழுகை.

"இந்த முனையில இருந்துப்பா" என்றேன்.

அவர் குனிந்து, நான் விரல் வைத்த திருகாணியை மட்டும் திருக ஆரம்பித்தார்.